மை கலைந்த சபை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். அந்த ஊர் அரசருக்குக் காது நீளம், சந்தேகம் அதைவிட நீளம். இன்றைக்கும் எந்தத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாரோ, யாருக்குத் தெரியும். அவர் முகச்சவரம் செய்துகொள்ளும்போது நாவிதன் பக்கத்தில் இன்னொரு நாவிதன் நிற்பான், முதலாமவன் கையைக் கண்காணிக்க. அந்த இரண்டாமவன் மேலும் சந்தேகம் வந்து, அவனைக் கவனிக்க மூன்றாவதாக ஒருவனை வைத்தார். மூன்றாமவனை யார் கவனிப்பது என்ற யோசனையிலேயே ஒருநாள் பாதித் தாடியோடு சபைக்கு வந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் ஏன் சிரித்தாய் என்று விசாரணை வரும்.

அந்தச் சபையில் பயமில்லாமல் சிரிக்கிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் விகடகவி செவ்வந்தியப்பன். சிரிக்கவும் சிரிக்க வைக்கவும்தான் அவரை வைத்திருந்தார்கள். அதனாலேயே பிரதானி மாதவப்பருக்கு அவரைக் கண்டால் ஆகாது. தாம் கால்கடுக்க நின்று சொல்லும் யோசனைக்குத் தலையைக்கூட அசைக்காத அரசர், இந்த ஆள் கொட்டாவி விட்டால்கூட ரசிக்கிறாரே என்று பிரதானிக்கு வயிறு எரியும். என்றைக்காவது ஒருநாள் மாட்டுவான் என்று காத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. மாசி மாதத்தில் அரசருக்குத் திடீரென்று கூத்துப் பார்க்க ஆசை வந்தது. பொன்னுரங்கம் என்பவனின் கூத்துக்குழுவைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாகச் சொல்ல, செவ்வந்தியப்பன் அவர்களை அரண்மனைக்கு வரவழைத்தார். அரண்மனை முற்றத்தில் பந்தம் கட்டி விடிய விடிய ஆடினார்கள்.

கதை பெரிய கதை ஒன்றுமில்லை. ஒரு அண்ணன், ஒரு தம்பி. ஒரு வெள்ளைக் குதிரை யாருக்கு என்ற பேச்சில் வார்த்தை தடித்து, தம்பி வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். பல வருடம் கழித்து ஒரு மழைநாளில் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே இருக்கும் அண்ணனுக்குக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவனே கூப்பிடட்டும் என்று அண்ணன் உள்ளே நிற்கிறான். ஒரு தரம் இருமுகிறான். அவரே கூப்பிடட்டும் என்று தம்பி வெளியே நிற்கிறான். கொஞ்ச நேரத்தில் காலடி திரும்பிப் போய்விடுகிறது. அப்புறம் தம்பி செத்த செய்திதான் வருகிறது.

கூத்தில் வீடு ஏது, கதவு ஏது. இரண்டு பேர் பிடித்திருக்கிற திரைதான் கதவு. பொன்னுரங்கம் ஒருவனே இரண்டு வேடமும் கட்டினான். திரைக்கு இந்தப் பக்கம் வந்தால் அண்ணன், அந்தப் பக்கம் போனால் தம்பி. கடைசியில் அண்ணன் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்து, "தாழ் போடவில்லையே. ஒரு விரலால் தள்ளியிருந்தால் திறந்திருக்குமே" என்பான். அதோடு கூத்து முடியும்.

இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த செவ்வந்தியப்பன் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். பிரதானி பார்த்துவிட்டார்.

விடிந்ததும் ஊருக்குக் கிளம்ப வேண்டிய பொன்னுரங்கத்தைச் சேவகர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். சபை அவசரமாகக் கூடியது. அரசர் சிம்மாசனத்தில் சிடுசிடுவென்று உட்கார்ந்திருந்தார். குளிக்கப் போனால்கூட கழற்றாத அவருடைய பச்சைக்கரை அங்கவஸ்திரத்தை அன்று தோளில் காணவில்லை. செவ்வந்தியப்பன் அதைக் கவனித்தார். ஆனால் என்னவென்று புரியவில்லை.

"இந்தக் கூத்தாடி அரண்மனை இரகசியம் ஒன்றை ஊரறியச் சொல்லிவிட்டான்" என்றார் அரசர்.

"எந்த இரகசியம் மகாராஜா?" என்று கேட்டார் தளபதி.

"அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அது எப்படி இரகசியமாக இருக்கும்?"

தளபதி ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"எந்த இரகசியம் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அதை இவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் யார் என்று மட்டும் நமக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியும்வரை இவன் சிறையில் இருக்கட்டும்."

பிரதானி மாதவப்பர் காத்திருந்த நேரம் இதுதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"மகாராஜா, அடியேன் ஒன்று விண்ணப்பித்துக்கொள்ளலாமா? கூத்தினால் எங்கேயாவது ஒரு படி நெல் விளைந்ததுண்டா? ஒரு சுவர் எழுந்ததுண்டா? மழைக்கு ஒதுங்கக்கூட உதவாத ஒன்றுக்காக ஊர் ஜனம் முழுக்க தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறது என்றால், அங்கே நம் கண்ணுக்குத் தெரியாத வேறு காரியம் ஏதோ நடக்கிறது என்றுதானே பொருள்? இவனை இங்கே அழைத்து வந்தவர் விகடகவி. இவனும் வாயால் பிழைக்கிறவன், அவரும் வாயால் பிழைக்கிறவர். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு ஒரு செய்தி போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அரசர் மெதுவாகத் திரும்பி செவ்வந்தியப்பனைப் பார்த்தார். இதற்கு முன்னால் அப்படி ஒரு பார்வையை அவர் இந்த மனிதரிடம் காட்டியதில்லை. மூன்றாவது நாவிதனைப் பார்க்கிற பார்வை அது.

"செவ்வந்தியப்பரே, உமக்கு மூன்று நாள் தவணை. சொன்னவனைக் கொண்டுவந்து நிறுத்தும். இல்லையென்றால் நான்காம் நாள் காலையில் கூத்தாடியின் நாக்கை அறுக்கச் சொல்வோம். கூடவே உம்முடையதையும்."

சொல்லக் கூடாத இரகசியம், அதைச் சொன்ன தெரியாத ஆள். எதை வைத்துத் தேடுவது? செவ்வந்தியப்பன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த மோர்க்குழம்பு. நாக்கில் பட்டபோது ருசி தெரியவில்லை, நாக்கு ஒன்று இருப்பதுதான் தெரிந்தது. பாதியில் எழுந்துவிட்டார்.

இரண்டு நாள் அரண்மனையைச் சுற்றிச் சுற்றி வந்தார். போன இடமெல்லாம் பேச்சு நின்றது. மடைப்பள்ளியில் கரண்டிச் சத்தம்கூட நின்றது. தளபதி தன்னை யாரோ பின்தொடர்வதாக நினைத்து ஒரு தூணைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். பின்தொடர்ந்தவர் அரண்மனை வைத்தியர். தளபதிதான் தன்னைப் பின்தொடர்கிறார் என்று அவர் நினைத்திருந்தார். ஒருவரைக் கண்டு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கேட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று அவ்வளவு வேகமாகச் சொன்னதுதான் செவ்வந்தியப்பனுக்கு விசித்திரமாக இருந்தது.

வெளியே சொல்லாத சந்தேகம் ஒன்று அவருக்கே இருந்தது. ஊரில் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைத் தகராறில் அண்ணனோடு பேச்சு நின்று பன்னிரண்டு வருடம். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கலன்று யாருக்கும் தெரியாமல் ஊருக்குப் போய், அண்ணன் வீட்டு வாசலில் நின்றார். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அது இந்தக் கூத்தாடிக்கு எப்படித் தெரிந்தது? இவன் யார்? யாருடைய ஆள்?

இரண்டாம் நாள் சாயங்காலம் நேராகச் சிறைக்குப் போனார். சிறைக்காவலன் இருளப்பன் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றான். பொன்னுரங்கம் மூலையில் குந்தியிருந்தான். கன்னத்தில் அன்று பூசிய அரிதாரம் திட்டுத் திட்டாக மிச்சமிருந்தது.

"உண்மையைச் சொல்லிடு. புங்கனேரிப் பக்கம் போனியா?" என்றார் செவ்வந்தியப்பன்.

"பேரே இப்பத்தான் கேக்குறேன் ஐயா."

"அப்புறம் அந்த இருமல்? அண்ணன் உள்ளேயிருந்து இருமுறானே, அதை உனக்கு யாரு சொன்னது?"

பொன்னுரங்கம் அவரை உற்றுப் பார்த்தான். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டான்.

"நீங்களுமா ஐயா?"

"நானுமான்னா என்ன அர்த்தம்?"

"இந்தக் கதையை ஆடுற ஊர்ல மட்டும் நாங்க ஆடி முடிச்ச கையோட பெட்டியைக் கட்டிடுவோம். எங்க குழுவுல அது வழக்கம். விடிஞ்சா யாராச்சும் தடியோட வந்து நிப்பாங்க, என் வீட்டுச் சங்கதியை எவன்டா உனக்குச் சொன்னான்னு. ஒரு ஊர்ல மூணு பேரு ஒண்ணா வந்தாங்க. இது யார் வீட்டுக் கதைன்னு அவங்களுக்குள்ளயே அடிதடி ஆயிடுச்சு. அந்த நேரத்துல நாங்க வண்டியை ஓட்டிட்டோம்."

"அப்ப இங்க மட்டும் ஏன் நின்ன?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டான். "காலைல அரண்மனையில நெய்ப்பொங்கல் போடுவாங்கன்னு சொன்னாங்க."

செவ்வந்தியப்பனுக்கு அவன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. "சரி, யாரும் சொல்லலைன்னா உன் சொந்தக் கதையா? உன் அண்ணனா, தம்பியா?"

"எனக்குக் கூடப்பிறந்தவங்களே இல்லீங்க. ஒத்தப் பிள்ளை."

"அப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"திரைக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். அப்புறம் அந்தப் பக்கம் போய் நின்னு பாத்தேன். ரெண்டு பக்கமும் வலிச்சுது." சொல்லிவிட்டு அவன் கையை விரித்தான். "அவ்வளவுதான் ஐயா எனக்குத் தெரியும். இதுக்கு நாக்கை அறுப்பாங்கன்னு தெரியாது."

செவ்வந்தியப்பன் எழுந்தார். கதவருகே இருளப்பன் வழிவிடாமல் நின்றான். ஆறடி ஆள், கையில் ஈட்டி. குரல் மட்டும் குழந்தையுடையது மாதிரி இருந்தது.

"ஐயா, நானும் ஒண்ணு கேட்டுக்கிறேன்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தான். "எங்கப்பாரு என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனது உனக்கு யாருப்பா சொன்னா? சத்தியமா நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

செவ்வந்தியப்பன் இருளப்பனைப் பார்த்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்தார். மடைப்பள்ளியில் கரண்டிச் சத்தம் நின்றதும், தளபதி தூணைச் சுற்றியதும், எல்லோரும் அவ்வளவு வேகமாகத் தெரியாது என்றதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இரண்டு நாளில் முதல்முறையாக அவர் சிரித்தார்.

"பொன்னுரங்கம், நாளைக்கு நீ பகல்ல ஆடணும்."

"பகல்லயா? வெயில்ல அரிதாரம் வழிஞ்சிடும் ஐயா. பகல்ல கூத்து ஆடுனா பாக்கிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும்."

"ஆடலைன்னா மறுநாள் உன் நாக்கு உனக்கு இருக்காது. என் நாக்கும் எனக்கு இருக்காது."

மூன்றாம் நாள் காலையில் செவ்வந்தியப்பன் சபையில் கைகூப்பி நின்றார்.

"மகாராஜா, சொன்னவனைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. கூத்தை மறுபடி ஆடச் சொல்லுங்கள். கதை தெரியாதவன் கதையைப் பார்ப்பான். கதைக்குச் சொந்தக்காரன் தன் வீட்டைப் பார்ப்பான். அவன் கண் காட்டிக் கொடுத்துவிடும். எவன் அழுகிறானோ அவன்தான்."

அரசர் யோசித்தார். பிரதானிக்கோ உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அன்றைக்குத் தோள்துண்டால் கண்ணைத் துடைத்த ஆள் தானாக வந்து வலையில் விழுகிறாரே. ஆனால் இந்த ஆள் கெட்டிக்காரன். அழுதுவிட்டுத் துடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

"நல்ல யோசனைதான் மகாராஜா" என்றார் பிரதானி. "ஆனால் கண்ணீரைத் துடைத்துவிடலாம். அதனால் சபையில் இருக்கும் எல்லோர் கண்ணிலும் கனமாக மை தீட்டச் சொல்லுங்கள். அழுதால் கன்னத்தில் கோடு விழும். துடைத்தால் முகமெல்லாம் கறுப்பாகும். மறைக்க முடியாது."

"மகாராஜாவின் கண்ணில் ஏற்கெனவே மை இருக்கிறதே" என்றார் செவ்வந்தியப்பன். அந்த நாட்டில் அரசர் மை தீட்டாமல் சபைக்கு வருகிற வழக்கமில்லை.

"நம்மைப் பற்றி என்ன பேச்சு?" என்றார் அரசர் சட்டென்று.

"ஒன்றுமில்லை மகாராஜா. வழக்கத்தைச் சொன்னேன்."

"கோடு விழுந்தவன் யாராக இருந்தாலும் கையைக் கட்ட வேண்டும். பதவி, வயது எதையும் பார்க்கக் கூடாது" என்றார் பிரதானி, செவ்வந்தியப்பனைப் பார்த்துக்கொண்டே.

"யாராக இருந்தாலும்" என்றார் அரசர். "அது நம் ஆணை."

"யாராக இருந்தாலும்" என்று செவ்வந்தியப்பனும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

மை கொண்டுவந்தார்கள். மையில் விஷம் இருக்குமோ என்று அரசருக்குச் சந்தேகம். முதலில் மூன்று நாவிதர்கள் கண்ணிலும் தீட்டிப் பார்த்து, அரை நாழிகை காத்திருந்து, அவர்கள் குருடாகவில்லை என்று உறுதியான பிறகுதான் மற்றவர்களுக்குத் தீட்டினார்கள். தளபதி, வைத்தியர், மடைப்பள்ளிக்காரர்கள், குடை பிடிப்பவன், சேவகர்கள், சிறைக்காவலன் இருளப்பன், நாக்கறுக்கத் தயாராக நின்ற கத்திக்காரன் என்று ஒருவர் விடாமல் மை. பெரிய மீசைக்கு மேலே மை தீட்டிய கண்ணோடு பிரதானி கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்தார்.

சிம்மாசனத்தை முற்றத்தில் கொண்டுவந்து போட்டார்கள். உச்சி வெயிலில் கூத்து தொடங்கியது. முதலில் பொன்னுரங்கம் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பந்தம் இல்லை, இருட்டு இல்லை. சேவகர் இருவர் பிடித்த திரையின் கிழிசல் தெரிந்தது. அரிதாரம் கழுத்தில் வழிந்தது. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு, கையைக் கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். குதிரைச் சண்டை வந்தது, போனது. ஒரு முகத்திலும் அசைவில்லை. யோசனை தப்பாகப் போய்விட்டதோ என்று செவ்வந்தியப்பன் பயந்தே போனார். கத்திக்காரன் கத்தியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

பிறகு பொன்னுரங்கம் திரைக்கு அந்தப் பக்கம் போனான். வேட்டி நுனியைப் பிழிந்து விட்டுக்கொண்டு வாசலில் நின்றான். பேசவில்லை. கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான், மூடினான். திரைக்கு இந்தப் பக்கம் வந்தான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒருமுறை இருமினான்.

டங் என்று ஒரு சத்தம். கத்தி கீழே விழுந்திருந்தது. கத்திக்காரன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அம்மா, நான் உள்ளேதாம்மா இருந்தேன்" என்றான்.

"கட்டு அவனை" என்றார் பிரதானி.

கட்டப் போன சேவகன் முகத்தில் இரண்டு கோடு. அவனைக் கட்ட வந்தவன் முகத்தில் நாலு. குடை பிடிப்பவன் கண்ணைத் துடைக்கப் போனதில் குடை சாய்ந்து அரசர் மேல் வெயில் அடித்தது. தளபதி கண்ணில் தூசி விழுந்ததாகச் சொன்னார். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் எப்படி விழுந்தது என்று வைத்தியர் கேட்டார். வைத்தியரின் தாடியே கறுப்பாகியிருந்தது. கயிறு போதாமல் யானைக் கொட்டிலிலிருந்து வடம் கொண்டுவந்தார்கள்.

பிரதானி மட்டும் தப்பித்துக்கொண்டிருந்தார். அவர் கூத்தைப் பார்க்கவே இல்லை. செவ்வந்தியப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோடு விழுந்தபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "மகாராஜா, இதோ பாருங்கள்" என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் பொன்னுரங்கத்தின் குரல் கேட்டது.

"தாழ் போடவில்லையே. ஒரு விரலால் தள்ளியிருந்தால் திறந்திருக்குமே."

பிரதானி எழுந்தவர் அப்படியே நின்றார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. மீசை துடித்தது. மெதுவாகத் திரும்பிக் கூத்தாடியைப் பார்த்தார்.

"யாரடா உனக்குச் சொன்னது?" என்றார். "என் தங்கை வந்ததை யாரடா சொன்னது? கைக்குழந்தையோடு வந்து நின்றாள். நான் கதவுக்குப் பின்னாலேதான் நின்றேன். வீட்டில் வேறு யாருமே இல்லையே."

"பிரதானியாரே, இது என் தகப்பனார் கதை" என்றார் தளபதி கட்டிய கையோடு.

"எங்க அக்கா கதைங்க அது" என்று மடைப்பள்ளிக்காரன் ஒருவன் கத்தினான். எங்கள் வீடு, எங்கள் வாசல் என்று சபை முழுக்கச் சண்டை மூண்டது. கைகள் கட்டியிருந்ததால்தான் அடிதடி ஆகவில்லை.

இருளப்பன் பிரதானியைக் கட்டினான். செவ்வந்தியப்பன் தாமே கையை நீட்டினார், அவரையும் கட்டினான். பிறகு தன் கையைக் கட்ட ஆள் தேடிப் பார்த்தான். யாரும் மிச்சமில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துத் தானே கட்டிக்கொண்டான். ஆணை ஆணைதானே.

இப்போது அந்த முற்றத்தில் கட்டாத கை இரண்டே பேருக்குத்தான். ஒருவன் பொன்னுரங்கம். இன்னொருவர் சிம்மாசனத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். குடை பிடிக்கவும் ஆளில்லை.

"மகாராஜா" என்றார் செவ்வந்தியப்பன், "ஆணைப்படி நாற்பத்தொரு குற்றவாளிகளைப் பிடித்துவிட்டோம். இன்னும் ஒரு முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்க அடியேனுக்கு அதிகாரமில்லை."



"நாற்பத்தொரு பேருமா இவனிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டார் அரசர், தலையைத் தூக்காமலே. இன்னும் சந்தேகம் போகவில்லை அவருக்கு.

"ஒருவரும் சொல்லவில்லை மகாராஜா. பிரதானியாரே, உங்கள் தங்கையைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?"

"பதினோரு வருடமாக என் மனைவிக்குக்கூடத் தெரியாது" என்றார் பிரதானி.

"கேட்டீர்களா மகாராஜா? நாங்கள் யாரும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் இவன் ஆடினான். இவனுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. திரைக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறான். நாமெல்லாம் ஒரே பக்கத்தில் நின்றவர்கள். கூத்தினால் ஒரு படி நெல் விளையுமா என்று பிரதானியார் கேட்டார். விளையாது. ஆனால் ஒவ்வொருவரும் நம் வீட்டில் மட்டும்தான் இப்படி நடந்தது என்று நினைத்துப் பன்னிரண்டு வருடம், பதினோரு வருடம் தனியாகக் கிடந்தோம். இன்றைக்கு ஒரே கயிற்றில் நிற்கிறோம்."

அரசர் தலையைத் தூக்கினார். இரண்டு கண்ணிலிருந்தும் மை வழிந்து மோவாய் வரைக்கும் போயிருந்தது.

"அன்றைக்கு நல்ல மழை" என்றார். "நம் தம்பி கோட்டை வாசலில் நின்றான். நாம் மாடத்திலிருந்து பார்த்தோம். மாடத்தில் நம்மைத் தவிர ஒரு காக்கை குருவி இல்லை. அவன் காவலனிடம் தன் பெயரைச் சொல்லட்டும் என்று காத்திருந்தோம். சொல்லாமல் போய்விட்டான். நம் நிழல்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட நினைத்தோம்."

சொல்லிக்கொண்டே எதிரே பார்த்தார். யானை வடத்தில் வரிசையாகக் கட்டுண்டு நிற்கிற தன் சபையைப் பார்த்தார். கறுப்புத் தாடி வைத்தியர், தூசி விழுந்த தளபதி, பல்லில் கயிற்றோடு இருளப்பன், மீசையும் மையும் ஒன்றாகக் குழம்பிய பிரதானி. அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பிரதானி சிரித்தார். ஏன் சிரித்தாய் என்று அன்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

கட்டை அவிழ்க்க ஆளில்லாததால் அரசரே இறங்கி வந்து அவிழ்த்தார். பிறகு உள்ளே போய்ச் சுருட்டிய துணி ஒன்றைக் கொண்டுவந்தார். கட்டிலுக்கு அடியில் மூன்று நாளாக ஒளித்து வைத்திருந்த பச்சைக்கரை அங்கவஸ்திரம். நடுவில் கறுப்புக் கறுப்பாக மைக்கறை. அதைப் பொன்னுரங்கத்தின் தோளில் போர்த்தினார்.

"புதுப் பட்டும் தருகிறோம். ஆனால் இதை வைத்துக்கொள்" என்றார். "நெய்ப்பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போ."

பிறகு செவ்வந்தியப்பனிடம் திரும்பினார். "உமக்கு என்ன வேண்டும்? ஊரா, யானையா? எதுவானாலும் கேளும்."

"நாலு நாள் விடுப்பு வேண்டும் மகாராஜா."

"எங்கே போகிறீர்?"

"புங்கனேரிக்கு. எங்கள் அண்ணன் வீட்டு வாசலுக்கு."

அரசர் அவரை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் மூன்றாவது நாவிதன் இல்லை. விடுப்போடு பொன்னும் குதிரையும் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் சபை கூடவில்லை. தளபதி விடுப்பில் போய்விட்டார். வைத்தியரைக் காணவில்லை. பிரதானி மாதவப்பர் ஒரு கூடை நிறையப் பலகாரத்தோடு தெற்கே போனதைப் பார்த்தவர்கள் உண்டு. சிறையில் கைதியும் இல்லை, இருளப்பனும் இல்லை. சிம்மாசனமும் காலியாகத்தான் இருந்தது. அரசர் காவலுக்கு ஒருவரைக்கூட அழைக்காமல், தண்ணீரைக்கூட யாரையும் குடித்துப் பார்க்கச் சொல்லாமல், தம்பி இருக்கிற மலைநாட்டுப் பக்கம் தனியாகக் குதிரையில் போனதாகக் கோட்டை வாசலில் சொன்னார்கள்.

செவ்வந்தியப்பன் புங்கனேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம். குதிரையைத் தெருக்கோடியில் கட்டிவிட்டு நடந்தார். அதே வாசல். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. நாட்டையே சிரிக்க வைத்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"அண்ணே" என்றார்.

இருமல் நின்றது. காலடி ஒன்று கதவருகே வந்து நின்றது.

"தாழ் போடலடா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "தள்ளு."